ஆகாயத்துக் கல்லுக்கு யார் சோறு வைக்கிறது?

என் தங்கமே, என் ராசா கணேசு,

யாழ்ப்பாணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு கிளாலிக் கடலைத் தாண்டி வந்து, நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் மரநிழல்களிலும் நிறைந்தது ஒரு வருஷம். அதற்கு அடுத்த வருஷம் கிளிநொச்சியும் ஆமி கையில் போய், வெட்ட வேண்டிய நெல்லை வயலிலேயே விட்டுவிட்டு நாமும் உடையார்கட்டுக்கு ஓடி வந்தோம். ரேடியோப் பற்றரியைக்கூட ஆமி உள்ளே வர விடாத வருஷம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜாம் போத்தல் விளக்குக்குத் தேங்காயெண்ணெய் விட்ட வருஷம். காய்ச்சல் குளிசையைப் பாதியாக உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்த வருஷம். அந்த வருஷந்தான் நீ எங்களுக்கு அந்த ஆகாயத்துக் கல்லைப் பற்றிச் சொன்னாய். அதே வருஷத்து மாரியில் நீ போனாய்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்று உனக்குத் தெரியும். புதுக்குடியிருப்பில் ஓலைக் கொட்டிலுக்குள் நீ விஞ்ஞானம் படிப்பித்த பிள்ளைகள் உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். அப்பாவும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். உன்னோடு அதே கொட்டிலில் இங்கிலீசு படிப்பித்த சரஸ்வதி ரீச்சர் பக்கத்தில் இருந்து எழுதுகிறா. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஐயா, நீங்கள் மகனைப் பற்றித்தானே சொல்லோணும்? நீங்கள் மகனோட கதைக்கிறியள்" என்கிறா.

"வேற யாரோட கதைக்கிறது ரீச்சர்?" என்றேன். அவா திரும்ப எழுதக் குனிந்தா.

ராசா, எனக்கு அவசரமாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறா. சாப்பிடமாட்டேன் என்கிறா. ஏன் என்பதைச் சொல்லுவதற்கு நான் அந்தக் கல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டு நீ காதை வைத்துக்கொண்டு இருந்தாய். பெடலைக் கையால் சுற்றுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். நான் கொஞ்சம் சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் தொண்டை அடைத்துப்போகும். சண்டைச் செய்தி முடிந்து வேறு என்னவோ சொன்னார்கள். நீ துள்ளி எழும்பினாய்.

"அப்பா, நிப்பாட்டாதேங்கோ! சுத்துங்கோ, சுத்துங்கோ!"

நீ ரீச்சரிடம் வாங்கி வாங்கிப் படிப்பாயே, நடக்காத காலத்தையும் போகாத ஊரையும் பற்றிக் கதை எழுதுகிற ஒரு வெள்ளைக்காரர், அவருடைய பேரை ஆகாயத்தில் ஒரு கல்லுக்கு வைத்துவிட்டார்களாம். அந்தப் பேர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் வாயில் அது உடைந்து உடைந்து வருகிறது. ரீச்சர் சிரிக்கிறா, அதனால் விட்டுவிடச் சொன்னேன்.

"எங்கடா இருக்கு அந்தக் கல்லு?" என்று குசினிக்குள் இருந்து அம்மா கேட்டா.

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில அம்மா."

"ரெண்டுக்கும் நடுவுல புதன்தான் இருக்கு. என்னை என்ன ஒண்ணும் தெரியாதவள்னு நெனச்சியா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு ரேடியோவை மறந்துவிட்டு, என் கையில் இருந்த பெடலை வாங்கிச் சில்லைச் சுற்றிக் காட்டினாய். நடுவில் இருக்கிற அச்சு சூரியன். ரயரில் ஒட்டியிருக்கிற குறுணிக் கற்கள்தான் அந்தக் கற்கள். லட்சக்கணக்கில் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம். கண்டுபிடித்தவுடன் பேர் வைக்கமாட்டார்களாம், முதலில் ஒரு நம்பர் மட்டும்தான். அது எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று சரியாகத் தெரிந்த பிறகுதான் பேர்.

அம்மா அகப்பையோடு வெளியே வந்தா. "அந்தக் கதைக்காரரு செத்து எத்தனை நாளு?"

"செத்தவைக்கு மட்டும் வைக்கிறதில்லை அம்மா. உயிரோட இருக்கிறவைக்கும் வைப்பினம். அது மரியாதை."

"அட பாவிகளா! உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கல்லு வைக்கிறதா மரியாதை?"

அவ முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்ம சனத்துக்குக் கல்லுக்குப் பேர் என்றால் ஒன்றுதானே. ஆளைப் புதைத்துவிட்டு வந்து, ஒரு கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, அதைச் செத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அதற்குச் சோறு வைக்கிறோம். சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர் சாப்பிடுகிறது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து கல்லைத் தண்ணீரில் விடுவோம். விட்டால்தான் ஆள் போகும்.

"அதை எப்பத் தண்ணியில விடுவாங்க?" என்று கேட்டா.

"அங்கை தண்ணி இல்லை அம்மா. விடவும் மாட்டினம். அது சுத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் எல்லாரும் போன பிறகும் சுத்தும்."

நீ சும்மா இருந்திருக்கலாம். "எனக்கும் ஒண்டு வைச்சால் நல்லாத்தான் இருக்கும்" என்றாய். அகப்பையாலேயே உன் வாயில் தட்டினா. சோற்றுக்கஞ்சி உன் மீசையில் ஒட்டியிருந்தது. அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சொல்லைத்தான் அவ இன்றுவரைக்கும் மெல்லுகிறா. நீ கேட்டுவிட்டாயாம். கேட்டது யாருக்கோ கேட்டுவிட்டதாம்.

நுளம்பு கடித்து வந்த மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அதற்கான ஊசிமருந்து வவுனியாவில் ஆமி மறித்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, நீ இந்தப் பக்கம் இருந்தாய். இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லமாட்டேன். உனக்கே தெரியும்.

உன் பதினாறாம் நாள், உடையார்கட்டுக் குளத்தில் கல்லை விட்டோம். பூசாரி முத்தையா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நான் கரையில் நின்றேன். கல்லு விழுந்த இடத்தில் எழும்பின வட்டம் கரைக்கு வந்து என் காலைத் தொட்டது. சரி, பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்தேன்.

நீ போகவில்லை ராசா. தண்ணீரில் விட்டது உன் கல்லே இல்லை.

இது எனக்குத் தெரியவந்தது இப்போதுதான். பிளேன் வந்து குண்டு போட்ட பிறகு உடையார்கட்டிலும் இருக்கப் பயந்து, ஆளோடு ஆளாகக் காட்டுக்கு உள்ளே போய், புதர் வெட்டிக் கொட்டில் போட்டோம். பாலை மரமும் முதிரை மரமும் தவிர ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மயில் கத்தும், குரங்கு கூரையைப் பிரிக்கும். காகம் மட்டும் இல்லை. அது ஊரும் குப்பையும் இருக்கிற இடத்துக்குத்தானே வரும்.

அம்மா முதல் நாள் சோற்றைக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றா. ஊரில் இருந்தபோதும் சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவா. எல்லா வீட்டிலும் வைக்கிறதுதானே என்று நான் அதைக் கவனிக்கவே இல்லை. அன்றைக்குக் காகம் வரவில்லை. அவ சாப்பிடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். ரெண்டு வாய் கஞ்சியைப் பொய்க்குக் குடித்துவிட்டு எனக்குப் போட்டுக் கொடுத்தா.

பக்கத்துக் கொட்டில் மயில்வாகனம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, காகம் வராட்டி குரங்குக்கு வையுங்கோ. குரங்குதான் எங்கட மூதாதை எண்டு உங்கட மகன்தானே என்ர பெடியனுக்குப் படிப்பிச்சவர்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. உன் பேச்சு வந்தால் இப்படித்தான், சிரிப்பு வரும், பின்னாலேயே அழுகை வரும். அழுதுகொண்டே குனிந்தபோது மடியில் இருந்து அது கீழே விழுந்தது. கையடக்கமான கல்லு. மஞ்சள் பூசினது. அந்த மஞ்சள் பழசு இல்லை, அன்றைக்குக் காலையில் பூசினது.

"இது என்னா புள்ள?" என்றேன்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. "எம்புள்ள."

வயல் வரம்பில் கிடந்த ஏதோ ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிப் பூசாரி கையில் கொடுத்திருக்கிறா. நானும் பூசாரியும் உறவுக்காரரும் யாருடையதும் இல்லாத ஒரு கல்லை அழுது அழுது தண்ணீரில் விட்டிருக்கிறோம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், சாவு வீட்டில் வைக்கிற மாதிரியே உனக்கு முதல் சோறு. காகம் எடுத்தால் அவவுக்குச் சோறு. எடுக்காவிட்டால் இல்லை.

"ஏன் புள்ள இப்படிச் செஞ்சே?"

"அந்த வெள்ளைக்காரன் கல்லு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கலாம், எம்புள்ள மட்டும் பதினாறு நாளுல போயிறணுமா?"

நீயே சொல்லு, அதற்கு என்ன பதில்?

பூசாரியைத் தேடிப் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பையன் நடுவழியில நிக்கிறான்யா. இன்னைக்கே கொண்டுபோய்த் தண்ணியில விடு. இல்லாட்டி ரெண்டு பேரையும் தொலைப்பே" என்றார். திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன். கல்லைத் தொட்டால் அதையே விழுங்கிவிடுவேன் என்றா. சொன்னால் செய்வா. உனக்கு அவவைத் தெரியும்.

காகத்தைக் காட்டுக்குக் கொண்டுவர முடியாது, சோற்றைக் காகத்திடம் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். அம்மா பிசைந்த சோற்றைத் தேக்கிலையில் கட்டிக்கொண்டு சைக்கிளில் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போனேன். மீன் விற்கிற இடத்தில் கறுப்புக் கம்பளம் விரித்த மாதிரிக் காகம். இலையை விரித்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஒன்றாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

மீன் வெட்டிக்கொண்டிருந்த மனுசி என்னைப் பார்த்துக் கேட்டா: "என்ன ஐயா, என்ர சூடைமீன் குடலை விட்டிட்டு உங்கட வெறுஞ்சோத்துக்கு வரும் எண்டே நிக்கிறியள்?"

"ஒரு வாய் எடுத்தாப் போதும் தாயி."

என் முகத்தில் என்னத்தைக் கண்டாவோ, சிரிப்பை விட்டுவிட்டு ஒரு மீன் தலையை எடுத்துச் சோற்றில் வைத்தா. காகங்கள் வந்தன. மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போயின. சோறு அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு வந்து பொய் சொல்லலாம் என்றுதான் வழி முழுக்க யோசித்தேன். "காகம் எடுத்துச்சா?" என்று கேட்டா. "எடுத்துச்சு" என்றேன். "எந்தப் பக்கமாப் பறந்துச்சு?" என்றா. நான் வாயைத் திறந்தேன், ஒரு திசையும் வரவில்லை. கிழக்கு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? கண்ட கேட்டதை எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிற இந்த மண்டைக்கு, நடக்காத ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. உன் கதைக்காரர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டா.

பிறகு எழும்பவில்லை. மயில்வாகனம் அண்ணைதான் உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தார். உடம்பில் ஏற்றுகிற சேலைன் முடிந்துபோய் இருந்தது. டொக்டர் தம்பி நல்ல பிள்ளை. "ஐயா, வேற ஒண்டும் இல்லை, வெறும் பட்டினி. வாயால உள்ள போனால்தான் தப்புவா. இல்லாட்டி நான் கையை விரிக்கிறதுதான்" என்றார்.

கட்டில் இல்லை. விறாந்தையில் பாயில் கிடந்தா. மத்தியான வெயில் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கை மடியில் கல்லைப் பிடித்துக்கொண்டே இருந்தது. நான் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். எனக்குச் சொல்ல உன் வாயில் இருந்து கேட்டது ஒன்றுதான் இருந்தது.

"புள்ள, அந்த ஆகாசக் கல்லுக்கு யாரு சோறு வைக்கிறாங்க?"

கண்ணைத் திறந்தா.

"யாரும் வைக்கல்ல. காக்காவும் போகாது. ஆனாலும் சுத்துதுன்னுதானே கணேசு சொன்னான்?"

கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்தா. பிறகு, "அவரு கதை எழுதினவரு. ஊரு உலகமெல்லாம் அவரு பேரைப் படிக்குது. பேரைச் சொல்லச் சொல்லச் சுத்தும். எம்புள்ள பேர யாரு சொல்றா? ஒரு காக்காகூட வரல்ல" என்றா.

"நான் சொல்றேன்."

"நீங்க இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். நான் போனா அவன் பேரைச் சொல்றதுக்கு நீ இருக்கணுமா வேணாமா? நீயும் போயிட்டா அது வெறுங்கல்லு. எவனாவது அடுப்புக்கு முட்டுக் குடுப்பான்."

என்னை அவ பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் வாய் கொஞ்சம் திறந்தது.

"பேரைச் சொல்லிக் குடுங்க" என்றா.

கரண்டியை எடுத்தேன். "கணேசு" என்றேன். ஒரு வாய் உள்ளே போனது. "கணேசு" என்றேன். இன்னொரு வாய். பேரைச் சொல்லாமல் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுவா. விறாந்தையில் இருந்த சனமெல்லாம் பார்த்தது. பக்கத்துப் பாயில் கிடந்த மனுசி, "ஆர் ஐயா கணேசு? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கிறியள், ஆளைக் காணேல்லை" என்றா. நான் அடுத்த கரண்டியை எடுத்தேன். நிறுத்தினால் அம்மா நிறுத்திவிடுவா.

அன்றைக்கு அரைக் கோப்பை போனது. அடுத்த நாள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் தங்கியது. இன்றைக்குக் காலையில் ஒரு கரண்டி. இதற்குப் பேர் சுகமாகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். டொக்டர் தம்பி வருகிறார், கண் இமையை இழுத்துப் பார்க்கிறார், அடுத்த பாய்க்குப் போகிறார். ஆஸ்பத்திரி வாசலில் ரீச்சரைக் கதிரையில் உட்காரவைத்துத்தான் இதைச் சொல்லுகிறேன். காது உள்ளேயே இருக்கிறது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன் ராசா. கல்லு அவ மடியிலேயே இருக்கட்டும் என்று நான் அவவுக்குச் சொல்லிவிட்டேன். பூசாரி சொன்னது எனக்கு மறக்கவில்லை. நீ நடுவழியில் நிற்கிறாயா? போகவும் முடியாமல், வரவும் முடியாமல், கால் வலிக்க நிற்கிறாயா? ஒவ்வொரு கரண்டிக்கும் நான் உன்னைக் கூப்பிடுகிறேனே, ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்க்கிறாயா? உன்னை விட்டால் அவ போய்விடுவா. அவவைப் பிடித்தால் உனக்குப் போக வழி இல்லை. இரண்டு கையிலும் இரண்டு பேர். எதை விட?

நான் தெரிந்துதான் செய்கிறேன். உன்னைப் பிடித்து வைக்கிறேன். செத்துப்போன பிள்ளையிடம் ஒரு அப்பன் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு நில்லடா. அந்தக் கல்லு கதைக்காரருக்காகச் சுத்துகிற மாதிரி, நீ அம்மாவுக்காகக் கொஞ்சம் சுத்து. கோபம் இருந்தால் என்மேல் வை, அவமேல் வைக்காதே.

உள்ளே இருந்து யாரோ இருமுகிறார்கள். அது அவ இல்லை. அவ இருமல் எனக்குத் தெரியும்.

ரீச்சர் கேட்கிறா: "ஐயா, மலரில அம்மாவின்ர பேரும் போடோணும். நான் இவ்வளவு காலமும் அக்கா அக்கா எண்டே கூப்பிட்டிட்டன். அவாவின்ர பேர் என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணம் முடித்த நாளில் இருந்து ஒரு நாளும் நான் அவ பேரைச் சொன்னதில்லை. தோட்டத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், "இந்தா புள்ள" என்று தொடங்கினது, அப்படியே நின்றுவிட்டது. அவ அம்மா, அப்பா, அண்ணன்மார், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட வாய் ஒன்றும் இப்போது இல்லை. பேர் சொல்ல ஆள் இல்லாமல் அவவும் அல்லவா கிடக்கிறா? இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ரீச்சர் எழுதுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறா. நான் சொல்லுகிறேன், கேட்டுக்கொள்.

உனக்கு இதுதான் வாக்கு. என் நாக்கு புரளும் வரைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் உன் பேரைச் சொல்லுவேன். இன்றையிலிருந்து அவ பேரையும் சொல்லுவேன், வெட்கப்படமாட்டேன், விறாந்தைச் சனம் முழுக்கச் சிரித்தாலும். இதோ எழும்பி உள்ளே போகிறேன், கஞ்சி ஆறுகிறது. உன்னைப் பெற்றவ, நம்ம வீட்டில் உன் பேரைச் சொல்ல மிச்சமாக உசுரோடு இருக்கிறவ, வீராயி.

கைநாட்டு வைக்கும்,
உன் அப்பன், வீராயி புருசன்